இருபது வருடத்துக்குப் பிறகு கிடைத்த தோழி கடன் கேட்கிறாள், கொடுக்கலாமா?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 44 வயது, வேலைக்குப் போகிறவர். கல்லூரி விடுதியில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்த தோழியோடு, இருவருக்கும் கல்யாணமான பிறகு தொடர்பு விட்டுப்போனது. இருபது வருடத்துக்கு மேல் பேச்சே இல்லை. நான்கு மாதம் முன்பு முகநூலில் அந்தத் தோழியின் பெயரில், அவளுடைய படத்தோடு நட்பு அழைப்பு வந்தது. அன்றிலிருந்து தினமும் அரட்டை. போன மாதம் அவசரம் என்று ஒரு சின்னத் தொகை கேட்டாள், கொடுத்தார், மூன்றே நாளில் திருப்பி அனுப்பிவிட்டாள். இப்போது கேட்பது பெரிய தொகை, வாசகியின் ஐந்து மாதச் சம்பளம். மகளின் படிப்புக்கு எடுத்து வைத்த பணத்தில்தான் கை வைக்க வேண்டும்.

தோழி சொல்லும் காரணம் இது: ஓர் ஆன்லைன் வர்த்தகத் தளத்தில் தன் சேமிப்பை எல்லாம் போட்டிருக்கிறாள். அது இரண்டு மடங்குக்கு மேல் வளர்ந்துவிட்டது. எடுக்கப் போனால், வரியை முதலில் கட்டினால்தான் விடுவிப்போம் என்கிறார்களாம். கட்டிவிட்டால் பத்து நாளில் பணம் வந்துவிடும், கொஞ்சம் சேர்த்தே தருகிறேன் என்கிறாள். அனுப்பச் சொன்ன வங்கிக் கணக்கு அவள் பெயரில் இல்லை, "வீட்டுக்காரரோட ஃபிரண்டு" பெயரில் இருக்கிறது. கையில் இல்லாவிட்டால் உன் பெயரில் பர்சனல் லோன் போட்டுக் கொடு, தவணையை நான் கட்டுகிறேன் என்றும் சொல்லியிருக்கிறாள். "நீ ஒருத்திதான்டி எனக்கு. உங்க வீட்ல சொல்லிடாதே, எனக்கு அசிங்கமா இருக்கு" என்பது கடைசியாக வந்த செய்தி.

வாசகியை அரிப்பது இன்னொரு விஷயம். கல்லூரி இரண்டாம் வருடத்தில் இவருக்கு வீட்டிலிருந்து தேர்வுக் கட்டணம் வந்து சேரவில்லை. அந்தத் தோழி தனக்கு வந்த பணத்தை எடுத்துக் கட்டிவிட்டு, அந்த மாதம் முழுக்க மெஸ் பாக்கியோடு இருந்திருக்கிறாள். "அவள் இல்லாவிட்டால் நான் பட்டம் வாங்கியிருக்க மாட்டேன். இப்போது மறுத்தால் நான் மனுஷியா? கணவரிடம் சொல்லாமல் கொடுக்கலாமா? பத்திரம் எழுதச் சொன்னால் அவமானப்படுத்துவது ஆகாதா? மெசேஜ் எல்லாம் இருக்கிறதே, அது போதாதா?" இவைதான் கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொகையை, இந்தக் காரணத்துக்காக, இந்தக் கணக்குக்கு அனுப்பாதீர்கள். பேசுவது உங்கள் தோழியே என்றாலும் என் பதில் இதுதான். இதனால் நீங்கள் நன்றி கெட்டவர் ஆகிவிட மாட்டீர்கள். ஏன் என்று விளக்குகிறேன்.

நீங்கள் இரண்டு வழிதான் இருக்கிறது என்று நினைக்கிறீர்கள். வேறு யாரோ அவள் பெயரில் ஏமாற்றுகிறார்கள் என்றால் கொடுக்கக் கூடாது. அவளே என்றால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். "அவள்தான் என்று உறுதியாகிவிட்டது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த உறுதி இன்னும் வரவில்லை என்பது ஒன்று. அதைவிட முக்கியம், நீங்கள் யோசிக்காத மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அதுதான் பெரிய கவலையாக இருந்தது.

அவள்தான் என்பதற்கு நீங்கள் சொல்லும் ஆதாரங்கள்

"எங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயமெல்லாம் அவளுக்குத் தெரிகிறது" என்கிறீர்கள். ஆனால் அடுத்த பக்கத்திலேயே, தேர்வுக் கட்டணக் கதையை நீங்கள் நினைவுபடுத்தியதும் அவள் "அதையெல்லாம் இன்னும் ஞாபகம் வெச்சிருக்கியா" என்று அழுததாக எழுதியிருக்கிறீர்கள். உரையாடலை மேலே தள்ளி, முதல் நாளிலிருந்து நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு பழைய கதையையும் முதலில் எடுத்தது யார்? விடுதி அறை, வார்டன், ஊருக்குப் போகும் பேருந்து என்று எல்லாவற்றையும் நீங்களே சொல்லி, அந்தப் பக்கம் ஆமாம் போட்டுக்கொண்டே வந்திருந்தால் அது ஆதாரம் ஆகாது. அவளாகவே எடுத்துச் சொன்ன கதைகள் இருந்தாலும், அவளுடைய கணக்கைக் கைப்பற்றிய ஒருவர் அவளது பழைய மெசேஜ்களையும் படங்களுக்கு வந்த கருத்துகளையும் வைத்தே அவ்வளவும் பேச முடியும்.

வீடியோ காலில் முகம் பார்த்தேன் என்கிறீர்கள். இரண்டு நிமிடம், மங்கிய வெளிச்சம், நெட் சரியில்லை என்று துண்டிப்பு. 2024-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஹாங்காங்கிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஒரு பெரிய நிறுவனத்தின் ஊழியர் வீடியோ கூட்டத்தில் தன் மேலதிகாரியையும் சக ஊழியர்களையும் பார்த்துப் பேசிவிட்டு, சுமார் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். திரையில் இருந்த அத்தனை முகமும் கணினி உருவாக்கியவை. உங்களுக்கு வந்ததும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. இரண்டு நிமிடக் காணொளி இன்றைக்கு எதையும் நிரூபிக்காது என்பதற்காகச் சொல்கிறேன்.

அவள் காட்டுகிற வழியில் போய் அவளைச் சரிபார்க்க முடியாது. வழியை நீங்கள் தேர்ந்தெடுங்கள். உங்கள் வகுப்பில் படித்த வேறு யாரிடமாவது, அவள் அண்ணன் தம்பி யாரிடமாவது அவளுடைய எண்ணை வாங்கி, அந்த எண்ணுக்கு முன்னறிவிப்பு இல்லாமல் நீங்களே அழையுங்கள். அதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனையும் செய்யலாம்: நடக்காத ஒன்றைக் கேளுங்கள். "நம்ம ரூம்ல மூணாவதா வந்து ஆறு மாசம் இருந்தாளே, அவ இப்ப எங்கடி இருக்கா?" அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை என்றால், உண்மையான தோழி "யாரைச் சொல்றே?" என்று திருப்பிக் கேட்பாள். வேறு ஆள் என்றால் பெரும்பாலும் நழுவுவார், அல்லது ஏதாவது ஒரு ஊரைச் சொல்லுவார்.

சின்னத் தொகை திரும்பி வந்ததை நாணயத்துக்குச் சாட்சியாக வைத்திருக்கிறீர்கள். சின்னதைத் திருப்பிக் கொடுத்து நம்பிக்கை வந்ததும் பெரியதைக் கேட்பது இந்த வகை மோசடியில் வழக்கமான படி. வங்கிக் கணக்கு விவரத்தைத் திறந்து, அந்தப் பணம் யார் பெயரிலிருந்து வந்திருக்கிறது என்று பாருங்கள். முன்பின் தெரியாத பெயர் என்றால் உஷாராகுங்கள். அது வேறு யாரோ ஏமாந்த பணமாக இருந்தால், விசாரணை வரும்போது உங்கள் கணக்கையும் முடக்கி வைக்கலாம்.

அவளே என்றால்தான் எனக்குக் கவலை அதிகம்

சரி, எல்லாம் சரிபார்த்து, அது உங்கள் தோழியே என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது நீங்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டுப் பணத்தை அனுப்பிவிடுவீர்கள். நான் பயப்படுவது அந்த இடத்தில்தான். அவள் உங்களிடம் பொய் சொல்லவில்லை; அவளை வேறு யாரோ ஏமாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் மூன்றாவது வழி.

அவள் சொல்லும் கதையை மறுபடி பாருங்கள். போட்ட பணம் மளமளவென்று வளர்கிறது. திரையில் எண் ஏறிக்கொண்டே போகிறது. ஆரம்பத்தில் கொஞ்சம் எடுக்க முடிகிறது. பெரிதாக எடுக்கப் போனால் "முதலில் வரி கட்டு." இது போலி முதலீட்டுத் தளங்களின் அச்சு அசலான நடைமுறை. அந்த எண் வெறும் திரையில் வரைந்த எண். பின்னால் பணம் கிடையாது. வரி கட்டினால் அடுத்து "சரிபார்ப்புக் கட்டணம்" வரும். அதையும் கட்டினால், தாமதத்துக்கு அபராதம் என்பார்கள். கட்டக் கட்டக் கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். உள்ளே இருக்கும் பெரிய பணத்தை விடுவிக்க வெளியே இருப்பவர் சின்னப் பணம் கட்ட வேண்டும் என்ற இந்த ஏமாற்று இணையத்தோடு பிறந்ததும் இல்லை. ஸ்பெயினில் ஒரு பணக்காரர் சிறையில் இருக்கிறார், அவரை மீட்கச் செலவுக்குப் பணம் அனுப்பினால் சொத்தில் பங்கு என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே தபாலில் கடிதங்கள் போயிருக்கின்றன.

இதைச் சோதிக்க ஒரு கேள்வி போதும், அதை அவளே கேட்கட்டும்: "என் கணக்கில்தான் அவ்வளவு பணம் இருக்கிறதே, வரியை அதிலேயே கழித்துக்கொண்டு மீதியைத் தாருங்கள்." முறையாக நடக்கும் நிறுவனம் சட்டப்படி பிடிக்க வேண்டிய வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தரும், இல்லாவிட்டால் வரி என்பது அவள் நேராக அரசுக்குக் கட்ட வேண்டியது. ஒரு தனிமனிதரின் வங்கிக் கணக்குக்கு வரி கட்டச் சொல்லும் அரசு எங்கேயும் இல்லை. அந்தத் தளம் மறுத்து ஏதோ ஒரு விதியைக் காட்டினால், அவள் போட்ட பணம் போய்விட்டது என்றுதான் அர்த்தம்.

"வீட்ல சொல்லிடாதே" என்பதையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். ஏமாற்றுபவரும் அப்படிச் சொல்வார். ஏமாந்துகொண்டிருப்பவரும் வெட்கத்தில் அப்படியே சொல்வார். சேமிப்பை எல்லாம் ஓர் இடத்தில் போட்டு மாட்டிக்கொண்ட ஒருத்தி, கணவருக்கும் பிள்ளைகளுக்கும் தெரிவதற்குள் எப்படியாவது மீட்டுவிட வேண்டும் என்று ஓடிக்கொண்டிருக்கலாம். சொந்தபந்தத்தில் கேட்க முடியாமல்தான் இருபது வருடம் கழித்து உங்களைத் தேடி வந்திருக்கலாம். முன்னால் உங்களுக்குத் திருப்பிய தொகையும் அந்தத் தளத்தில் ஆரம்பத்தில் எடுக்க விட்ட பணமாகவே இருக்கலாம். அப்படி இருந்தால், நீங்கள் அனுப்பும் பணம் அவளை இன்னும் ஒரு படி உள்ளே தள்ளும். அது அவளைக் காப்பாற்றாது. உங்களிடம் வாங்கிக் கட்டிய பிறகு அவளுக்கு இரண்டு இழப்பு: போன பணமும், உங்களுக்குத் தர வேண்டிய கடனும்.

தேர்வுக் கட்டணம் என்ற பழைய கடன்

இதை லேசாகத் தள்ளிவிட மாட்டேன். 19 வயதில் தன் சாப்பாட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தவளை நீங்கள் மறக்காமல் இருப்பது பெரிய விஷயம். ஆனால் அவள் அன்று கொடுத்தது, தன்னால் ஒரு மாதம் தாங்க முடிந்த தொகை. கேட்ட காரணமும் கண்ணெதிரே இருந்தது, கட்டிய ரசீதும் கையில் வந்தது. இன்று கேட்கப்படுவது உங்கள் மகளின் பணம், யாரும் பார்த்திராத ஒரு தளத்துக்காக. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

அவள்தான் என்று உறுதியான பிறகு, அவளுக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று மனசு கேட்டால் இப்படிச் செய்யலாம். கணவரும் நீங்களும் பேசி, திரும்பி வராவிட்டாலும் வீட்டில் எந்தச் செலவும் தடைபடாத ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். அதைக் கடனாகக் கொடுக்காதீர்கள், அன்பளிப்பாகக் கொடுத்துவிடுங்கள். அதுவும் அவள் பெயரில் உள்ள கணக்குக்கு, அவள் வீட்டு வாடகைக்கோ மருந்துச் செலவுக்கோ. அந்தத் தளத்துக்கு ஒரு காசுகூடப் போகக் கூடாது.

கணவரிடம் சொல்லாமல் கொடுப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். கூடாது. நீங்கள் சம்பாதித்த பணம்தான், உங்களுக்கு உரிமை இருக்கிறது. இருந்தாலும் மகளுக்கென்று இருவரும் சேர்ந்து ஒதுக்கியது அது. நான் பார்க்கிற வழக்குகளில் பணம் போனதைவிட, அதை ஆறு மாதம் மறைத்ததுதான் குடும்பத்தில் பெரிய சண்டையாக வெடிக்கிறது.

உங்கள் பெயரில் லோன், பத்திரம், மெசேஜ்

உங்கள் பெயரில் லோன் எடுத்துக் கொடுப்பதற்கு ஒரே பதில், வேண்டாம். வங்கிக்குத் தெரிந்த கடனாளி நீங்கள் மட்டும்தான். அவள் ஒரு தவணை தவறினாலும் அழைப்பு உங்களுக்குத்தான் வரும், கடன் வரலாறு கெடுவதும் உங்களுக்குத்தான். நாளைக்கு ஜாமீன் கையெழுத்து மட்டும் போடு என்று கேட்டாலும் அதே பதில். ஜாமீன் வெறும் சாட்சிக் கையெழுத்து என்று பலர் நினைக்கிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 128-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன் போட்டவருக்கும் அவ்வளவு பொறுப்பு.

பத்திரம் கேட்பது அவமானம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். எழுதி வைத்தால் "எவ்வளவு, எப்போது" என்பதில் பின்னால் சண்டை வராது. திருப்பித் தர நினைப்பவர் எழுதித் தரத் தயங்க மாட்டார். எப்போதாவது யாருக்காவது கடன் கொடுத்தால், தொகை, தேதி, திருப்பும் நாள், கடன் என்ற வார்த்தை, வாங்குபவரின் கையெழுத்து, முகவரி எல்லாம் தாளில் இருக்கட்டும். பணம் அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே போகட்டும். மூன்றாவது ஆளின் கணக்குக்குப் போட்டால், நாளைக்கு "எனக்கு எதுவும் வரவில்லையே" என்று அவள் சொல்ல அதுவே போதும்.

மெசேஜ்கள் ஆதாரம்தான். ஆனால் ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் நம்பாதீர்கள். எதையும் அழிக்காமல் அதே போனில் வைத்திருங்கள். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்திலும், மின்னணுப் பதிவின் பிரதியைக் கோர்ட்டில் கொடுக்கும்போது அதற்குரிய சான்றிதழும் சேர வேண்டும். காலக்கெடுவும் உண்டு. நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. இந்தியாவில் கைமாற்றுக் கடனுக்குப் பொதுவாகக் கொடுத்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அந்தக் காலம் முடிவதற்குள் அவர் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் கணக்கு புதிதாகத் தொடங்கும். சிங்கப்பூரிலும் தீபகற்ப மலேசியாவிலும் 6 வருடம்.

இன்னொன்று, கடனைத் திருப்பாததாலேயே அது போலீஸ் வழக்கு ஆகிவிடாது. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடிந்தால்தான் மோசடி. இல்லாவிட்டால் சிவில் கோர்ட்டுதான். அவள் வேறு நாட்டில் இருந்தால், தீர்ப்பு வாங்கினாலும் அங்கே போய் வசூலிப்பது கடனைவிடப் பெரிய செலவாகிவிடும்.

அவளுக்கு என்ன எழுதுவது

நீளமாக விளக்கம் சொல்லாதீர்கள். காரணம் அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வரும். இந்த அளவு போதும்:

"உன் மேல எனக்கு இருக்கிற பாசம் மாறலை. ஆனா இந்தப் பணத்தை என்னால தர முடியாது, லோனும் எடுக்க முடியாது. அந்தத் தளத்தைப் பத்தி எனக்குப் பயமா இருக்கு. வரியை இருக்கிற பணத்திலேயே கழிச்சுக்கச் சொல்லிப் பாரு, என்ன சொல்றாங்கன்னு எனக்குச் சொல்லு. இனிமே ஒரு காசும் கட்டாதே. புகார் கொடுக்க நான் கூட இருக்கேன்."

ஏமாற்றுபவராக இருந்தால் இதற்குக் கோபம் வரும், குத்தல் வரும், "நீ இப்படி மாறிட்டியே" என்று வரும். அப்புறம் சத்தமே இருக்காது. உங்கள் தோழியாக இருந்தாலும் முதலில் கோபம் வரலாம். போன பணத்தைப் போய்விட்டது என்று ஒப்புக்கொள்வது யாருக்கும் சுலபமில்லை. அதனால் அவள் கோபத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். வகுப்புத் தோழிகள் மூலம் வாங்கிய எண்ணுக்கு இரண்டு நாள் கழித்து அழைத்துப் பேசுங்கள். அந்த எண்ணில் எடுப்பவள் "நான் முகநூலிலேயே இல்லையே" என்று சொல்லவும் வாய்ப்பு இருக்கிறது. அப்படி என்றால் அவள் பெயரில் இயங்கும் கணக்கைப் பற்றி அவளையும் உங்கள் பொது நண்பர்களையும் உடனே எச்சரியுங்கள். அடுத்த அழைப்பு அவர்களில் ஒருவருக்குப் போயிருக்கும்.

இதற்குள் அனுப்பிவிட்டிருந்தால்

உங்கள் கடிதம் எனக்கு வந்து சில நாள் ஆகிவிட்டது. இதற்குள் அனுப்பிவிட்டிருந்தால் வெட்கப்பட்டு நேரத்தைக் கழிக்காதீர்கள். முதலில் உங்கள் வங்கியை அழையுங்கள். பிறகு இந்தியாவில் 1930, சிங்கப்பூரில் 1799, மலேசியாவில் 997 என்ற மோசடி உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். பணம் அந்தக் கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த முடிந்தால்தான் உண்டு. அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். இழந்த பணத்தை மீட்டுத் தருகிறேன், சிறு கட்டணம் கொடுங்கள் என்று பிறகு யாராவது தொடர்புகொண்டால் அதுவும் அதே கும்பலின் வேலையாக இருக்கும். வக்கீல் என்றோ அதிகாரி என்றோ சொன்னாலும் பணம் கொடுக்காதீர்கள்.

அனுப்பவில்லை என்றால், இன்றிரவு கணவரோடு உட்கார்ந்து அந்த உரையாடலை முதல் செய்தியிலிருந்து சேர்ந்து படியுங்கள். தோழியோடு பேசிய பிறகு அவளுக்கும் சட்ட உதவி தேவைப்பட்டால் எனக்கு எழுதச் சொல்லுங்கள். அவள் எந்த நாட்டில் இருக்கிறாள், எந்தத் தேதிகளில் எவ்வளவு கட்டினாள் என்ற விவரத்தோடு எழுதினால், எங்கே புகார் கொடுக்கலாம் என்று சொல்கிறேன்.